பசுவிலிருந்து பிறந்த வினைச்சொல்

மதுரை கோரிப்பாளையத்தில் உள்ள அரசு இராசாசி மருத்துவமனைக்குக் குழந்தையுடன் வரும் தாய், "தடுப்பூசி போட வேண்டும்" என்பாள். இதனையே ஆங்கிலத்தில் 'வாக்சினேட்' என்னும் வினைச்சொல்லால் குறிப்பர். தமிழ்ச் சொல்லில் ஊசி இருக்கிறது; ஆங்கிலச் சொல்லிலோ பசு இருக்கிறது! லத்தீன் மொழியில் 'வாக்கா' என்றால் பசு.

இச்சொல் தோன்றுமுன் 'இனாகுலேட்' என்ற சொல் வழங்கிற்று. அது தோட்டக்காரரின் சொல். ஒரு செடியின் 'கண்'ணை, அதாவது மொட்டை, மற்றொன்றில் ஒட்டுவதை அது குறித்தது. பெரியம்மைக் கொப்புளத்தின் சீழை நலமுள்ளவர் தோலில் ஏற்றும் முறைக்கும் அப்பெயரே வந்தது. இதில் ஆபத்து உண்டு. ஏற்றப்படுவது உண்மையான பெரியம்மை ஆதலால், சிலர் இறந்தனர். பிறருக்கும் நோய் பரவிற்று.

1796 மே 14 அன்று எட்வர்டு ஜென்னர், பால்காரப் பெண்ணின் கையிலிருந்த பசு அம்மைச் சீழை 8 வயதுச் சிறுவனுக்கு ஏற்றினார். பின்னர் பெரியம்மைச் சீழை ஏற்றியும் அவனுக்கு நோய் வரவில்லை. 1800-இல் ரிச்சர்டு டன்னிங் என்ற மருத்துவர் 'வாக்சினேஷன்' என்று பெயரிட்டார். பெயர்ச்சொல் முதலில் பிறக்க, வினைச்சொல் அதிலிருந்து பிறந்தது.

1802 சூன் 14 அன்று பம்பாயில் 3 வயதுக் குழந்தை ஒன்றுக்கு இந்தியாவின் முதல் பசு அம்மைக் குத்தல் நடந்தது. பசுவின் நோயை உடலில் ஏற்றுவதா என்று மக்கள் தயங்கினர். அத்தயக்கத்தைப் போக்க, தமிழறிஞரான ஆங்கில அதிகாரி எல்லிஸ் தேவியும் தன்வந்திரியும் உரையாடுவதாக ஒரு கதையை எழுதினார். அவர் 1819-இல் இராமநாதபுரத்தில் காலமானார்.

நம் முன்னோர் இதனை 'அம்மை குத்துதல்' என்றனர். 1881-இல் லூயி பாஸ்டர், ஜென்னரைப் போற்றும் வகையில், பிற நோய்களுக்கான தடுப்பு முறைகளுக்கும் இச்சொல்லையே விரித்து வழங்கினார். அதனால்தான் பசுவோ ஊசியோ தேவைப்படாத போலியோ சொட்டு மருந்துக்கும் இச்சொல் பொருந்துகிறது.

1980-இல் உலகில் பெரியம்மை அறவே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அம்மை குத்துதலும் நின்றது. வீட்டிலுள்ள முதியவரின் கையைப் பாருங்கள். வட்டமான ஒரு தழும்பு தென்படலாம். அச்சொல்லின் வரலாறு அங்கே எழுதப்பட்டிருக்கிறது.