கணனி மின்வழங்கியின் தரச் சோதனை: ஒரு வரலாற்று நோக்கு

கணனியொன்று காரணமின்றி நின்றுவிடும்போது பழி பெரும்பாலும் நினைவகத்தின்மீதோ செய்நிரலின்மீதோ சுமத்தப்படுகின்றது. அவற்றிற்கு வலுவூட்டும் மின்வழங்கியின் வெளியீடு தூயதா என வினவுவோர் சிலரே. அவ்வினா வலுப்பெற்ற வரலாறு, மின்வழங்கியின் அமைப்பு மாறிய வரலாற்றோடு பிணைந்ததாகும்.

தொடக்ககாலக் கணனிகள் பலவற்றில் பாரமான இரும்பகணி நிலைமாற்றியும் நேர்கோட்டுச் சீராக்கியும் பயன்பட்டன. இவை மிகையான வலுவை வெப்பமாக இழந்தனவெனினும் அமைதியான வெளியீட்டைத் தந்தன. 1977இல் வெளிவந்த அப்பிள் 2 கணனிக்கு ரொட் ஹோல்ற் என்பவர் ஆளிமுறை மின்வழங்கியொன்றை வடிவமைத்தார். அம்முறை முன்னரே அறியப்பட்டதாயினும், தனியாள் கணனிக்கு அது பெரிதும் பொருந்தியது. திரான்சிற்றர் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடுவதால் நிலைமாற்றி சிறுத்தது, வெப்பம் குறைந்தது, விசிறியும் வேண்டப்படவில்லை.

ஆயின் அவ்விரைவே புதியதொரு குறையையுங் கொணர்ந்தது. நேரோட்ட வெளியீட்டின்மீது நுண்ணிய குற்றலைகள் படிந்தன. நேரோட்ட அளவீட்டில் பல்மானி சராசரி அழுத்தத்தையே காட்டும். ஆதலின் அதில் 12 உவோற்று எனச் செம்மையாகத் தோன்றும் வெளியீடும் குற்றலை மிகுந்ததாயிருக்கலாம். அதனைக் கண்டறிய அலைவுகாட்டி இன்றியமையாததாயிற்று.

1995இல் இன்ரெல் நிறுவனம் ஏரிஎக்ஸ் நியமத்தை வெளியிட்டது. அதனைச் சார்ந்த வடிவமைப்பு வழிகாட்டிகள் 12, 5, 3.3 உவோற்று வெளியீடுகள் ±5 சதவீத எல்லைக்குள் நிற்றல் வேண்டுமென வகுத்தன. குற்றலையின் உச்சிக்கு உச்சி அளவு 12 உவோற்றில் 120 மில்லிஉவோற்றையும், ஏனைய இரண்டிலும் 50 மில்லிஉவோற்றையும் விஞ்சலாகாது. அலைவுகாட்டியின் பட்டையகலம் 20 மெகாஹேற்ஸ் ஆதல் வேண்டும். அளக்கும் முனையில் 10 மைக்ரோபரட், 0.1 மைக்ரோபரட் கொள்ளளவிகள் இணைக்கப்படல் வேண்டும். இவ்வளவீடு சுமையேற்றிய நிலையிலேயே பொருளுடையது. சுமையற்ற வழங்கி தன் குறையை வெளிக்காட்டாது.

2000ஆம் ஆண்டை அடுத்த காலத்தில், கணனிகளிலிருந்த குறைபாடுள்ள மின்பகு கொள்ளளவிகள் வீங்கிப் பழுதடைந்தமை பரவலாக அறியப்பட்டது. மின்வழங்கியினுள் குற்றலையை அடக்குவனவும் இவ்வகைக் கொள்ளளவிகளே. எனவே புதியதாயிருக்கையில் தேறிய வழங்கி பின்னரும் தேறுமெனக் கொள்ளுதல் தவறாகும்.

2004இல் தோன்றிய 80 பிளஸ் திட்டம் 20, 50, 100 சதவீதச் சுமைகளில் குறைந்தது 80 சதவீத வினைத்திறனை வேண்டியது. வலு விரயத்தைக் குறைக்க இது பெரிதும் உதவியது. எனினும் அம்முத்திரை சான்றுரைப்பது வினைத்திறனுக்கேயன்றிக் குற்றலையின் அளவுக்கன்று. இதனை உணராதோர் அதனையே முழுமையான தரச்சான்றாகக் கருதினர்.

எதனை அளந்தார்கள், எதனை அளக்காது விட்டார்கள் என வினவாமல் எம்முத்திரையையும் நம்புதல் தகாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.