ஸ்புட்னிக்கிலிருந்து சாய்ந்தமருது வரை

1957 ஒக்டோபர் 4ஆம் திகதி சோவியத் யூனியன் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை விண்ணுக்கு அனுப்பியது. அடுத்த திங்கட்கிழமை, அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றில் பகல் சாப்பாட்டு நேரத்தில் அதே பேச்சுத்தான். உலகமே பேசும் அந்தக் கோளின் சத்தத்தைப் பிடித்துக் கேட்க இங்கே ஒருவரும் முயலவில்லையா என்று இரண்டு இளைஞர்களுக்குத் தோன்றியது. வில்லியம் கையரும் ஜோர்ஜ் வைஃபன்பாக்கும் ஒரு ரேடியோவில் வயரைக் கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். 'பீப் பீப்' கேட்டது. ஆனால் அது ஒரே சுருதியில் நிற்கவில்லை.

ஹோர்ன் அடித்தபடி வரும் பஸ் நம்மைக் கடந்ததும் சத்தம் தாழ்வதுபோல, கோள் நெருங்கும்போது உயர்ந்திருந்த சுருதி, விலகும்போது தாழ்ந்தது. அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்தே ஸ்புட்னிக்கின் பாதையை இருவரும் கணித்துவிட்டார்கள். 1958 மார்ச்சில் மேலதிகாரி ஃபிராங் மக்ளூர் அவர்களை அழைத்து, கணக்கைத் தலைகீழாகப் போடமுடியுமா என்று கேட்டார். கோளின் பாதை முன்கூட்டியே தெரிந்தால், கீழே கேட்பவன் எங்கே நிற்கிறான் என்று சொல்லலாமா? அவர் மனதில் இருந்தவை நடுக்கடலில் ஏவுகணையோடு மறைந்து திரியும் நீர்மூழ்கிக் கப்பல்கள்.

முடியும் என்றது கணக்கு. 1964இல் 'டிரான்சிட்' கோள்கள் கடற்படைக்கு இடம் சொல்லத் தொடங்கின. ஆனால் கோள் தலைக்கு மேல் வரும்வரை காத்திருக்க வேண்டும். கப்பலுக்கு அது போதும், விமானத்துக்குப் போதாது. 1973இல் பிராட்போர்ட் பார்க்கின்சன் தலைமையில் ஜிபிஎஸ் என்ற வேறொரு திட்டம் உருவானது. பல கோள்களில் அணுக் கடிகாரங்களை வைத்து, சமிக்ஞை வந்துசேர எடுக்கும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளப்பது. அங்கே குறுக்கே வந்து நின்றார் ஐன்ஸ்டைன்.

மேலே கடிகாரம் நாளுக்குச் சுமார் 38 மைக்ரோ செக்கன் முந்தி ஓடும் என்றது அவருடைய கோட்பாடு. அந்தச் சிறு நேரத்தில் ஒளி 11 கிலோமீற்றர் கடந்துவிடும். பொறியியலாளர்கள் சிலருக்கு நம்பிக்கையில்லை. ஆகவே 1977இல் ஏவிய சோதனைக் கோளில் திருத்தும் கருவியை அணைத்தே அனுப்பினார்கள். தேவையென்றால் கீழிருந்து போட்டுக்கொள்ளலாம். 20 நாள் பார்த்தார்கள். கடிகாரம் ஏறத்தாழ ஐன்ஸ்டைன் சொன்ன அளவுக்கே முந்தி ஓடியிருந்தது. திருத்தும் கருவி இயக்கப்பட்டது. அடுத்த வருடமே ஜிபிஎஸ் கோள்கள் ஏறத் தொடங்கின. எல்லாம் இராணுவத்துக்கு.

1983 செப்டெம்பர் 1ஆம் திகதி, வழிதவறி சோவியத் வான்பரப்புக்குள் நுழைந்த கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேரும் மாண்டார்கள். அந்த மாதமே அமெரிக்க ஜனாதிபதி ரீகன், ஜிபிஎஸ் தயாரானதும் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்படும் என்று அறிவித்தார். திறந்தார்கள், ஆனால் வேண்டுமென்றே மங்கலாக்கி. 100 மீற்றர் வரை பிழை இருந்தது. அம்பாறை மாவட்டத்தில் இருக்கும் நம் சாய்ந்தமருதில் பிரதான வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளுக்கு இடையே 100 மீற்றர் பிழை என்றால், தேடிப்போன வீட்டை விட்டுவிட்டு அடுத்த ஒழுங்கைக்காரரின் கதவைத்தான் தட்டவேண்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் கிளின்டன் அரசு அந்த மங்கலை நீக்கியது. இனி இருக்கும் இடம் துல்லியமாகத் தெரியும். போகவேண்டிய வீதி?

2004இல் அதற்கும் இரண்டு விடைகள் பிறந்தன. விலைகொடுத்து வாங்கும் அரசாங்க வரைபடங்களைச் சகிக்காத ஸ்டீவ் கோஸ்ட், எவரும் வரையலாம், எவரும் எடுக்கலாம் என்று லண்டனில் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைத் தொடங்கினார். சிட்னியில் ராஸ்முசன் சகோதரர்களும் இரு நண்பர்களும் எழுதிய மென்பொருளை ஒக்டோபரில் கூகுள் வாங்கியது. அதே வருடம் டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை அம்பாறை மாவட்டம் பறிகொடுத்தது. ஆறு வாரம் கழித்து அந்த மென்பொருள் கூகுள் மேப்ஸாக வெளியானபோதும், அது வட அமெரிக்காவோடு நின்றது.

பிறகு எல்லாம் வேகம். 2009 ஒக்டோபரில் கூகுள் குரல்வழிகாட்டலை இலவசமாக்கிய அன்றே வழிகாட்டும் கருவிகளை விற்ற கார்மின், டொம்டொம் நிறுவனங்களின் பங்குகள் சரிந்தன. சாரதிகளே நெரிசலை அறிவிக்கும் இஸ்ரேலின் வேஸ் செயலியை 2013இல் கூகுள் வாங்கியது. இன்று கல்முனையில் ஆட்டோக்காரர் முன்கண்ணாடியடியில் செருகிவைத்திருக்கும் கைபேசியில் திரும்பச் சொல்லும் குரல், ஸ்புட்னிக்கின் அந்த 'பீப்'பின் வாரிசு.

எந்தச் செயலி நல்லது என்ற கேள்விக்கும் விடை இந்த வரலாற்றிலேயே இருக்கிறது. இடம் சொல்லும் கோள்கள் எல்லாச் செயலிக்கும் பொது. வேறுபடுவது வரைபடமும் நெரிசல் தகவலும்தான். வேஸ் நிறையச் சாரதிகள் பாவிக்கும் கொழும்பு போன்ற நகரத்துக்குப் பொருந்தும். கொழும்புக்குப் போகும் நீண்ட பயணத்துக்குக் கூகுள் மேப்ஸ் நல்லது. லகுகலைக் காட்டுப் பக்கம் சிக்னல் விட்டுப்போனால், முன்கூட்டியே இறக்கிவைத்த ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் ஓடும் ஓர்கானிக் மேப்ஸ், ஒஸ்மான்ட் கைகொடுக்கும்.

நம் ஊருக்கு என் தெரிவு கடைசி வகையே, ஏனெனில் அதைத் திருத்தும் அதிகாரம் ஊர்க்காரரிடமே இருக்கிறது. பக்கத்து மட்டக்களப்பில் 2012, 2013 காலத்தில் உலக வங்கியின் ஆதரவோடு ஆயிரக்கணக்கான கட்டடங்கள் இப்படித்தான் அந்த வரைபடத்தில் ஏறின. மருதமுனை முதல் நிந்தவூர் வரையுள்ள இளைஞர்களும் பாடசாலைகளும் தங்கள் ஒழுங்கைகளைச் சரியான பெயரோடு அதில் சேர்க்கும் வேலையை இந்த வருடமே தொடங்கவேண்டும். அவசர நேரத்தில் அம்புலன்ஸ் தேடிவருவதும் அந்தப் பெயரைத்தான்.