எந்த முகத்துக்கு வெளிச்சம்?

கீழ்ப்பழனி மலையில் களப்பணிக்குப் போன இடத்தில் ஒரு வயதான அம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை எடுத்துக் காட்டினார். காபித் தோட்டத்தில் எடுத்தது. நாற்காலியில் வெள்ளைச் சட்டையோடு தோட்ட முதலாளி. அவர் மீசையைக்கூட எண்ணிவிடலாம். பின்னால் நிற்கும் கூலியாட்களின் முகங்களோ வெறும் கரி. "எங்கம்மா எதுன்னு சேலைய வச்சுத்தான் கண்டுபிடிப்பேன். நாங்க கறுப்புல்ல, அதான் விழல" என்றார்.

தோழர்களே, அந்தக் காரணம் தவறு.

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வெள்ளைச் சட்டை அங்கே அடர்ந்த கறுப்பாக இருக்கும். கறுத்த முகம் மெல்லியதாக, ஒளி புகும்படி இருக்கும். பிரிண்ட் போடும்போது தாளில் அதிக ஒளி விழும் இடம் கறுக்கும். சட்டையின் மடிப்பு தெரிய வேண்டுமென்று விளக்கைக் கூடுதல் விநாடிகள் எரியவிட்டால், அதே விநாடிகள் பின்வரிசை முகங்களைக் கரியாக்கும். இதற்குத் தீர்வு டார்க் ரூமிலேயே இருந்தது. கான்ட்ராஸ்ட் குறைந்த 0, 1 கிரேடு தாளைப் போடலாம். முகம் இருக்கும் இடத்தைச் சில விநாடிகள் அட்டையால் மறைத்து ஒளியைக் குறைக்கலாம். இதெல்லாம் தொழில் தெரிந்த எவருக்கும் பாலபாடம். ஆனால் விநாடிகளை யார் முகத்துக்காக எண்ணுவது என்பதைப் படத்துக்குக் காசு கொடுத்தவர்தான் தீர்மானித்தார்.

இதற்கு முந்தைய கதையும் இதே மலையில் இருக்கிறது. 1899 இல் தொடங்கிய கொடைக்கானல் வானாய்வகம் 1904 முதல் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்தது. ஆரம்பகாலக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும். சிவப்பு அவற்றுக்குத் தெரியாது. பழுப்புத் தோல் திருப்பி அனுப்பும் ஒளியில் சிவப்பே அதிகம் என்பதால், அந்தத் தகடுகளில் நம் தோல் கண்ணுக்குத் தெரிவதைவிட இன்னும் கறுப்பாகவே விழும். ஆனால் 1912 வாக்கில் அதே ஆய்வகம் சூரியனின் சிவப்பு ஒளியிலேயே படமெடுக்கத் தொடங்கிவிட்டது. அதற்குச் சிவப்பை உணரும் தகடு வேண்டும். அது கிடைத்தது, மலையேறியும் வந்தது.

அதே ஆண்டுகளில் இந்த மலையின் பளியர்கள் எப்படிப் பார்க்கப்பட்டார்கள்? 1908 இல் டாமென் பாதிரியார் 'ஆந்த்ரொபோஸ்' இதழில் அவர்களைப் பற்றி எழுதினார். 1909 இல் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள் வந்தன. மூக்கையும் மண்டையையும் அளந்து, மனிதர்களைச் சாதி 'மாதிரி'களாக அடுக்கிய நூல் அது. மாதிரிக்குப் பெயர் தேவையில்லை, முகபாவமும் தேவையில்லை.

வண்ணப்படம் வந்த பிறகும் இது மாறவில்லை. கோடாக் நிறுவனம் நிறம் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் பல்லாண்டுகள் வெள்ளைப் பெண்ணின் முகமே இருந்தது. பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று சாக்லேட் கம்பெனிகளும் மர நாற்காலி விற்பவர்களும் புகார் செய்த பிறகே கோடாக் அசைந்தது என்று கனடா ஆய்வாளர் லோர்னா ராத் பதிவு செய்திருக்கிறார். மனிதர்கள் சொன்னபோது கேட்காத காது நாற்காலிக்குத் திறந்தது.

அந்த அம்மாவிடம் ஒரு காகித உறையில் நெகட்டிவும் இருந்தது. பழைய ஸ்டுடியோக்காரர் ஒருவரிடம் கொண்டுபோனேன். இரண்டு டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டுப் பார்த்தார், கிரேடைக் குறைத்தார், முன்வரிசைக்குத் தனியாக ஒளி கூட்டினார். டெவலப்பரில் முகங்கள் ஒவ்வொன்றாக எழும்பின. ஓரத்து மர நிழலில் நின்ற ஒருவர் மட்டும் வரவில்லை. அந்த இடத்தில் பிலிம் வெறுமையாக இருந்தது. எடுக்கும்போதே பதியாததை எந்தத் தாளாலும் மீட்க முடியாது.

அம்மா படத்தை வெகுநேரம் பார்த்தார். "சிரிச்சிட்டு நிக்குதே எங்கம்மா" என்றார்.

ஆகவே, மாணவர்களே, ஊருக்குப் போகும்போது பழைய படங்களை மட்டும் கேட்காதீர்கள், நெகட்டிவ் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நம்மவர் முகம் கரியாகக் கிடந்தால் அதுதான் வரலாறு என்று நம்பிவிடாதீர்கள். அது ஒரு பிரிண்ட் மட்டுமே. மறுபடி போடலாம்.

ஜெய் பீம்.