ப்ரோஸ்டெப்

வசையாகப் பிறந்த பெயர் இது. 2000களின் தொடக்கத்தில் தெற்கு லண்டனின் க்ராய்டன் பகுதியில் உருவான டப்ஸ்டெப் இசையின் பெயரில் இரண்டு மரபுகள் இருந்தன: ஜமைக்காவின் ‘டப்’, லண்டன் கராஜ் இசையின் ‘டூ-ஸ்டெப்’. நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 துடிப்பு. காதைவிட நெஞ்சுக்கூட்டில் முதலில் உறைக்கும் அடித்தள பேஸ். நடுவே நிறைய வெற்றிடம்.

2010 வாக்கில் அமெரிக்காவில் ஸ்க்ரில்லெக்ஸ் போன்ற இசைக் கலைஞர்கள் அந்த வெற்றிடத்தை, இரும்பை அறுப்பதுபோல் கிறீச்சிடும் நடு அலைவரிசை ஒலிகளால் நிரப்பினார்கள். கூட்டம் அலைமோதியது. பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். ‘டப்’பை வெட்டிவிட்டு ‘ப்ரோ’வை ஒட்டினார்கள். நம்மூர் ‘ப்ரோ’வில் கொஞ்சமாவது பாசம் இருக்கும். இந்த ‘ப்ரோ’வோ, சட்டையைக் கழற்றிவிட்டுக் குதிக்கும் அமெரிக்கக் கல்லூரிப் பையன். ஆக, வசை இசைக்கு மட்டுமல்ல, அதைக் கேட்க வந்தவனுக்கும் சேர்த்துத்தான்.

இதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஜமைக்காவின் தடம் அந்த ஒலியில் உண்மையிலேயே மங்கிப்போனது. ஆனால் அந்தப் பாணிக்கு வித்திட்டவர்களில் ஒருவர் லீட்ஸ் நகரத்து ரஸ்கோ, அவர் பிரிட்டிஷ்காரர். பழி மட்டும் அமெரிக்காவுக்கு!

2012இல் ஸ்க்ரில்லெக்ஸ் மூன்று கிராமி வென்றபோது ஏளனம் உச்சத்தில் இருந்தது. 2023இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அவரோடு சேர்ந்து மேடையேறியவர்களில் ஒருவர், நுட்ப ரசிகர்களின் செல்லப்பிள்ளையான ஃபோர் டெட்.