முகம் காணா நேயர்கள்: மலையகத்தின் வானலைக் காலம்

நோர்வே நாட்டில் மட்ஸ் ஸ்டீன் என்றோர் இளைஞர் 2014 நவம்பரில் தமது 25ஆவது வயதில் காலமானார். தசைகளைப் படிப்படியாகச் செயலிழக்கச் செய்யும் டுஷென் நோய் சிறுவயதிலேயே அவரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தியிருந்தது. நண்பர் என்று ஒருவரும் இல்லாமலே மகன் போய்விட்டானே என்று பெற்றோர் கலங்கினர். அவருடைய இணையப் பக்கத்தில் தந்தை மரணச் செய்தியைப் பதிந்தார். பின்னர் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் அனுதாபக் கடிதங்கள் வந்து குவிந்தன. 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' என்ற கணினி விளையாட்டின் உலகத்திலே, இபெலின் என்ற பெயரில், அவர் பல்லாண்டுகள் நடமாடியிருக்கிறார். அங்கே 'ஸ்டார்லைட்' என்ற குழுவில் அவரிடம் மனந்திறந்து பேசியவர்கள், அவரால் ஆறுதல் பெற்றவர்கள் பலர். அவர் முகத்தைக் கண்டிராத சிலர் இறுதிச் சடங்குக்கே பயணப்பட்டு வந்தனர். 2024இல் இது ஆவணப்படமாகவும் வெளிவந்தது.

படத்தைப் பார்த்த இளைஞர்கள் சிலர், முகம் தெரியாதவர்களுக்காக மனிதர் அழுவதும் ஒரு சமூகமாகக் கூடுவதும் இணையம் தந்த புதுமை என்று என்னிடம் வியந்தார்கள். எனக்கோ அட்டன் கடைவீதிதான் நினைவுக்கு வந்தது. எங்கள் மலைகளில் அப்படியோர் உலகம் இணையத்துக்கு வெகுகாலம் முன்பே இருந்தது. அதற்குள் நுழைய இரண்டு பற்றரிகளும் ஒரு தபால் அட்டையும் போதுமாயிருந்தன.

இலங்கையில் வானொலி 1925 டிசம்பரிலேயே முறைப்படி தொடங்கிவிட்டது. எனினும் அது அப்போது கொழும்பின் பெரிய வீடுகளுக்கும் தோட்டத்துத் துரைமாரின் பங்களாக்களுக்கும் உரிய பொருள். இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத்தலைமைக்காக ரேடியோ சீயாக் இயங்கியது. போர் முடிந்தபின், 1949இல் அதன் வலுவான ஒலிபரப்பு வசதிகள் இலங்கையின் கைக்கு வந்தன. 1950இல் வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. இந்தியாவில் அமைச்சர் பி.வி. கேஸ்கர் 1952 அளவில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடமில்லாமற் செய்ததும், இந்திய நேயர்கள் இலங்கைப் பக்கம் காதைத் திருப்பினர். இந்தியில் அமீன் சயானியின் கீத்மாலா உபகண்டத்தையே கட்டிப்போட்டதைப் போல, தமிழில் எஸ்.பி. மயில்வாகனனின் குரல் பாக்கு நீரிணையின் இரு கரைகளையும் பிடித்துக்கொண்டது. அவருக்குப் பின் வந்த ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, நம்மவரான பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரை இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

ட்ரான்சிஸ்டர் வந்த பிறகே வானொலி லயத்துக்குள் நுழைந்தது. அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளிலும் அது லயத்தின் இஸ்தோப்பில், உத்தரத்து ஆணியில் தொங்கிய காட்சி என் கண்ணில் இன்றும் நிற்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் வரிசையாய் ஒட்டியிருந்தமையால், ஒரு வீட்டு வானொலி அந்த லயத்துக்கே வானொலி. எங்கள் வாப்பா அட்டனில் சில்லறைக் கடை வைத்திருந்தார்கள். சம்பள வாரத்தில் அரிசி, மாவுக்கு அடுத்தபடியாகப் பற்றரிதான் விலைப்பட்டது. தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் பாட வைக்கும் வித்தையும் லயத்தாருக்குத் தெரிந்திருந்தது. அட்டன் வெயிலை நம்பிச் செய்த காரியம்தான், என்ன சொல்வது!

கடையில் விற்ற இன்னொரு பொருள் தபால் அட்டை. 'நேயர் விருப்பம்', 'பிறந்தநாள் வாழ்த்து' போன்ற நிகழ்ச்சிகளுக்கு எழுதும் அட்டையில் பாட்டின் பெயர் ஒரு வரிதான். மிகுதி இடமெல்லாம் ஆட்களின் பெயர். அம்மா, அப்பா, அம்மாயி, தாத்தா, மாமன்மார், அடுத்த காம்பரா, மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று எழுத்து ஓரமெல்லாம் ஏறி நிற்கும். எழுதத் தெரியாதவர்களுக்குக் கடையில் நாங்கள் எழுதிக்கொடுப்பதுண்டு. அறிவிப்பாளர் அதை மூச்சு விடாமல் வாசிப்பார். பொகவந்தலாவை, நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலை, இறாகலை எனத் தோட்டப் பகுதிகளின் பெயர்கள் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் வரிசையாய் வந்து விழும்.

திரும்பத் திரும்பக் கேட்ட பெயர்கள் அறிமுகமானவையாகின. மஸ்கெலியாவிலுள்ள ஒருவர் எப்போதும் சோகப்பாட்டே கேட்கிறாரே, அவருக்கு என்ன துயரமோ என்று டிக்கோயாவில் கவலைப்படுவார்கள். 'இசையும் கதையும்' எழுதிய நேயருக்கு முகவரி தேடிக் கடிதம் போடுவார்கள். பத்திரிகைகளின் பேனா நண்பர் பகுதி இன்னொரு வாசல். கடித நட்பு காதலாகி, கல்யாணமாகி, சண்டையாகவும் முடிந்ததுண்டு. கிண்ணியாப் பையனுக்கும் தோட்டத்துப் பையனுக்கும் நட்பு உண்டாக வேறெந்த வழி அக்காலத்தில் இருந்தது? அடுத்த தோட்டத்துக்குப் போகவே கங்காணியிடம் காரணம் சொல்ல வேண்டியிருந்த மக்கள் அவர்கள்.

முஸ்லிம் நிகழ்ச்சியும் இதே உலகத்தின் ஒரு பகுதிதான். மூடுபனி நிறைந்த எங்கள் மலைகளில் தலைப்பிறையைக் கண்ணால் காண்பது அபூர்வம். கொழும்புப் பெரிய பள்ளிவாசலின் முடிவை வானொலி சொல்லும்வரை கடைவீதி முழுவதும் காத்திருக்கும். நோன்பு துறக்கும் நேரத்து அதானுக்காகக் கடைக்கு வெளியே நின்றவர்களில் தோட்டத்து இந்துச் சகோதரர்களும் இருப்பர், நோன்புக் கஞ்சிக்காகவும்தான். நாகூர் ஹனிஃபாவின் குரல் எழும்பினால் சத்தத்தைக் கூட்டச் சொல்வது பெரும்பாலும் அவர்களாகவே இருக்கும். 'மாதர் மஜ்லிஸ்' கேட்ட எங்கள் உம்மா, அதில் அடிக்கடி எழுதிய பெண்களை, ஒருவரையும் கண்டதில்லை என்றாலும், உறவுக்காரரைப் போலவே விசாரித்துப் பேசுவார்கள்.

இதையெல்லாம் பொழுதுபோக்கு என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. அந்தப் பெயர்கள் யாருடையவை என்பதைப் பார்க்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோரில் பெரும்பாலோருக்கும் நிராகரிப்பே கிடைத்தது. அச்சட்டத்தின் பெயரிலுள்ள 'பாகிஸ்தானிய' என்ற சொல்லை நமது ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். தென்னிந்தியாவிலிருந்து வந்து மலைநாட்டுப் பட்டணங்களில் கடை வைத்திருந்த சம்மாங்கார முஸ்லிம்களும் அந்தச் சட்டத்தின் வாசலில்தான் கடதாசிகளோடு நின்றார்கள்.

தோட்டத்தில் 'பேர்' என்ற சொல்லுக்கே தனிப் பொருள் உண்டு. ஒருநாள் வேலை செக்ரோலில் பதியப்பட்டால் அது ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். மழையில் நனைந்து, அட்டை கடித்து, மலையேறி இறங்கிய பெண்ணுக்கு அன்று மாலை பாதிப் பேர்தான் மிச்சம். முகவரியும் அவ்வாறே. லயத்து வீட்டுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்டத்துக் கந்தோருக்குப் போய், தப்பால்காரர் கைக்கு வந்து, அதன் பிறகு வந்தால் உண்டு. இன்றும் பல தோட்டங்களில் இக்குறை தீரவில்லை. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, பரீட்சை முடிந்தபின் கைக்கு வந்த கதைகளை மலையகத்தில் யாரிடமும் கேட்கலாம்.

இப்படிப்பட்டவர்களின் முழுப் பெயரையும், தோட்டத்தின் பெயரோடு, கணக்கின் பெயரோடு, அரசாங்கத்துக்குச் சொந்தமான ஒரு நிலையம் நாடறியச் சொல்லிக்கொண்டிருந்தது. பிரசைகள் பட்டியலில் இல்லாத பெயர் கொழும்பிலிருந்து ஒலிபரப்பானது. யாழ்ப்பாணத்து ஆசிரியரின் பெயருக்கும் காத்தான்குடி வியாபாரியின் பெயருக்கும் நடுவில், அதே மரியாதையோடு, அதே வேகத்தில். அறிவிப்பாளர் யாரும் அரைப்பேர் போட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தை நான் நேரில் கண்டிருக்கிறேன்: பெயர் சொல்லப்பட்ட மறுநாள் அந்த மனிதர் கடைக்கு வரும் நடையே வேறாக இருக்கும்.

பிரிவு ஒப்பந்தத்தின் வடிவில் வந்தது. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்டனர். 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், மிகுதி 150,000 பேரைப் பிறகு பார்ப்பதென்றும் முடிவாயிற்று. அந்த மிகுதியை 1974இல் சிறிமாவும் இந்திரா காந்தியும் சரிபாதியாகப் பிரித்தார்கள். பலாப்பழத்தைப் பிளப்பது போல என்று வாப்பா சொல்வார்கள். தொகை சரியாக வந்தது. குடும்பங்கள்தாம் சரியாக வரவில்லை. அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை.

எழுபதுகளில் பயணம் மும்முரமாயிற்று. 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சம் லயங்களில் உயிர்களைக் குடித்தது. இருக்கலாமா என்று தயங்கியவர்களையும் அது தள்ளிவிட்டது. தலைமன்னாருக்குச் செல்லும் ரயிலுக்கு மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்தார்கள். அட்டன் மேடையில் அந்தக் கோச்சி நகரும்போது எழுந்த ஓலத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. போவதற்கு முன் கடைக்கு வந்து கடன் கொப்பியில் தம் பெயரைப் பார்த்துத் தீர்த்துவிட்டுப் போனவர்கள் பலர். தீர்க்க முடியாதவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். வாப்பா அந்தப் பக்கங்களைக் கிழித்ததில்லை.

அக்காலத்து நேயர் விருப்பத்தைக் கவனமாய்க் கேட்டவர்களுக்கு மாற்றம் புரிந்திருக்கும். தாயகம் திரும்பும் இன்னாருக்காக என்று பாட்டுக் கேட்டார்கள். தாயகம் என்ற சொல்லை அட்டையில் எழுதும்போது என் கை நின்றதுண்டு. எழுதச் சொன்னவரும் பிறந்தது இங்கே, போகிறவரும் பிறந்தது இங்கே. சில மாதங்களில் பட்டியல்கள் குறுகின. முன்பு பதினைந்து பெயர் வந்த அட்டையில் ஆறு வரும். அறிமுகமான சில பெயர்கள் ஒருநாள் அடியோடு நின்றுவிடும். போனாரா, இறந்தாரா என்று கேட்டறிய வழியில்லை. கணினி விளையாட்டில் ஒருவர் திடீரென்று வராமற்போனால் அவரது குழுவினர் படும் தவிப்பை அந்த நோர்வேப் படத்தில் கண்டபோது, அந்த மௌனத்தை நான் முன்னமே அறிந்திருந்தேன்.

போனவர்களுக்கும் வானொலி துணை போயிற்று. மண்டபம் முகாமைக் கடந்து, நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் என்று தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களுக்கு அதே குளிர், அதே கொழுந்து, அதே லயம். அங்கே அவர்களுக்குப் பெயர் 'சிலோன்காரர்'. இங்கே 'இந்தியாக்காரன்', 'தோட்டக்காட்டான்' என்று கேட்டுப் புளித்த காதுகள், அங்கே போய் இதைக் கேட்டன. கொழும்பு ஒலிபரப்பு அங்கும் எட்டியது. என் பள்ளிக்கூடத் தோழன் ஒருவன் 1970களின் நடுவில் குடும்பத்தோடு போனவன். ஓரிரு வருடங்களின் பின் ஒரு மாலையில் அவன் பெயர் கோத்தகிரி முகவரியோடு வானொலியில் வந்தது. தொடர்ந்து பொகவந்தலாவையில் எஞ்சியிருந்தோரின் பெயர்கள். அவர்களில் மூவர் அப்போது உயிரோடில்லை. அவனுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அறிவிப்பாளர் எல்லாப் பெயரையும் வாசித்தார்.

இறந்தவர் செய்தி போய்ச் சேரவும் வானொலியே வழி. மரண அறிவித்தல் நேரத்தில் லயம் பேச்சை நிறுத்தும். உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும் என்று முடியும் அந்த வாசகத்தில் 'நண்பர்கள்' என்ற சொல்லுக்கு முகம் கண்டிராதவர்களும் உட்பட்டிருந்தார்கள். நேயர் விருப்பத்தில் மட்டுமே அறிந்த ஒருவரின் பெயர் மரண அறிவித்தலில் வந்தபோது, நோர்வூட்டில் ஒரு வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை என்று கடையில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டிலும் 'மாதர் மஜ்லிஸ்' பெண் ஒருவருக்காக உம்மா யாசீன் ஓதினார்கள். அவர் எந்த ஊர் என்றும் உம்மாவுக்குச் சரியாகத் தெரியாது.

1983 வன்செயல்களும் யுத்தமும் எல்லாவற்றையும் கலைத்தன. 1984இல் தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போக முடியாமல் நின்றவர்கள் ஆயிரக்கணக்கானோர். அதற்குள் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் போயிருந்தனர். எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை முழுமையாகக் கிடைக்க 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1998இல் சூரியனும் சக்தியும் வந்தன. தொலைபேசியில் நேயரே பேசலாம் என்றாயிற்று. பிறகு கைத்தொலைபேசி. இன்று தலவாக்கலை லயத்துப் பிள்ளை இரவில் போர்வைக்குள் கிடந்து, வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கும் முகந்தெரியாத தோழர்களோடு விளையாடுகிறான். தாய்மார் திட்டுகிறார்கள். எங்களையும் வானொலியைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாய் என்றுதான் திட்டினார்கள்.

அந்த உலகத்தைப் பற்றி நம்மிடையே எழுதியவர்கள் அறிவிப்பாளர்களைப் பற்றியே எழுதினார்கள். அது தகும். ஆனால் அட்டை எழுதியவர்களைப் பற்றி எழுத ஆளில்லை. வரலாற்றுக்கு அவர்கள் 525,000, 300,000, 150,000. வாப்பா மௌத்தான பிறகு கடையை ஒழித்தபோது கடன் கொப்பிகள் மூன்று அகப்பட்டன. அவற்றை நான் வைத்திருக்கிறேன். பெயர், தோட்டம், கணக்கு, தொகை என்று ஒவ்வொரு வரியும் நேயர் விருப்ப அட்டையைப் போலவே இருக்கிறது. சில பெயர்களை வாசிக்கும்போது, அவர்கள் கேட்ட பாட்டும் நினைவுக்கு வருகிறது.