மன்னார் வழியும் உப்புக் கஞ்சியும்

கோப்பிக் காலத்தில் கண்டிச் சீமைக்கு நடந்து வந்த தமிழ்த் தொழிலாளர் வழியில் எவ்வாறு மடிந்தனர் என்று எழுதுவோர், கொலரா என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். மலேரியாவையும் காட்டு விலங்குகளையும் சிலர் சேர்த்துக்கொள்வர். இவை யாவும் உண்மையே. ஆயினும் நோய் தொடுமுன்பே அவ்வுடல்கள் எந்நிலையில் இருந்தன என்ற கேள்வி போதிய அளவு எழுப்பப்படவில்லை என்பது என் எண்ணம். பல நாள் வெயிலில் நடக்கும் மனிதன் எதை இழக்கிறான்? இழந்ததை அவனுக்குத் திருப்பித் தர வேண்டியவர் யார்?

திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து புறப்பட்டோர் முதலில் இராமேசுவரக் கரை வரை நடந்தனர். தோணியேறித் தலைமன்னாரிலோ அரிப்பிலோ இறங்கினர். பிறகு மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 200 கிலோமீற்றர். பெரும்பகுதி உலர்வலயக் காடு. மாத்தளையோடு நடை முடிந்ததென்று எண்ண வேண்டாம். வலப்பனைப் பக்கத்து மத்துரட்டை, உடப்புசல்லாவ தோட்டங்களுக்கு உரியவர்கள் கண்டியையும் கடந்து மலையேற வேண்டியிருந்தது. (வலப்பனை என்றதும் வரலாறு படித்தவர்க்கு நினைவில் வருவது வேறொரு துயரம். 1880களில் நெல்வரி பாக்கிக்காக வயல்கள் ஏலம்போய், சிங்கள உழவர்கள் பட்டினியால் மாண்ட நாடு அது. அதைத் தனியே எழுத வேண்டும்.)

நடந்த பருவத்தையும் கவனிக்க வேண்டும். கோப்பிப் பழம் பறிக்கும் காலம் ஆண்டின் பிற்பகுதி. அதற்கு முன்னதாக வந்து சேர வேண்டுமென்றால், வடக்கே மழையற்றுக் குளங்கள் வற்றும் மாதங்களில் நடந்தாக வேண்டும். நீர் கிடைத்த இடத்தில் அது கலங்கல் நீர். வழிச்செலவோ கங்காணி தந்த முன்பணமாகத் தொழிலாளியின் கணக்கில் கடனாக எழுதப்பட்டது. அவன் குடித்த கஞ்சிக்கும் அவனே கடன்காரன்.

1841க்குப் பின் வந்தவர்களில் ஏறத்தாழ 70,000 பேர், அதாவது நால்வரில் ஒருவர், மாண்டனர் என்று 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை கணக்கிட்டது. அந்த எண்ணிக்கையைப் பற்றிய வாதம் இன்றும் உண்டு. திரும்பிச் சென்றோரை ஒழுங்காக எண்ணாத காலம் அது. ஆனால் அப்பத்திரிகையின் ஆசிரியர் கிறிஸ்டோபர் எலியட் ஒரு மருத்துவர் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்தவன் என்ற முறையில் எனக்கு அது சிறிதல்ல. தோட்ட நிருவாகமும் அரசாங்கமும் எண்ணத் துணியாததை ஒரு செய்தித்தாள் எண்ணியது.

இனி உடலின் கணக்குக்கு வருவோம். வெயிலில் கடுமையாக உழைப்பவனிடமிருந்து மணிக்கு ஒரு லீற்றர் அளவுக்கு வியர்வை வெளியேறக்கூடும். அந்த ஒரு லீற்றரில் ஏறத்தாழ 2 முதல் 2½ கிராம் வரை உப்பு போகிறது. ஆளுக்கு ஆள் இது வெகுவாக வேறுபடும். வெப்பத்துக்குப் பழகிய உடல் இரண்டு வாரத்துக்குள் உப்பைச் சிக்கனமாக விடக் கற்றுக்கொள்ளும். தஞ்சைச் சமவெளி மனிதனுக்கு வெப்பம் புதிதன்று. எனினும் ஒரு நாள் இழந்ததை அன்றிரவே உணவாலும் நீராலும் ஈடுசெய்தால்தான் மறுநாள் நடக்க முடியும். ஈடுசெய்யாமல் பத்து நாள் நடந்த உடலில் இரத்தத்தின் நீர்ப்பங்கு குறைந்து, தசை பிடித்து, தலை சுற்றும். அந்த உடலின் மீது கொலரா வந்தால் என்னவாகும்? கொலராவும் கொள்ளையிடுவது அதே இரண்டைத்தான்: நீர், உப்பு. வியர்வை நாட்கணக்கில் எடுப்பதை அது மணிக்கணக்கில் எடுத்துவிடும்.

‘அக்காலத்தில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்?’ என்று கேட்கலாம். தெரிந்திருந்தது. 1831-32இல் பிரித்தானியாவில் கொலரா பரவியபோது, வில்லியம் ஓஷோனசி என்ற இளம் மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்து, நீரும் உப்புகளும் குறைந்திருப்பதை எழுதினார். 1832இல் ஸ்கொட்லாந்தின் லீத் நகரில் தோமஸ் லாட்டா உப்புநீரை நாளத்தில் செலுத்தி, சாகக் கிடந்த சிலரை எழுப்பினார். லாட்டா விரைவில் இறந்தார், முறை கைவிடப்பட்டது. ஓஷோனசி என்ன செய்தார்? 1833இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகக் கல்கத்தாவுக்கு வந்தார். பிற்பாடு இந்தியாவில் தந்திக் கம்பிகளை நிறுவியவரும் அவரே! மன்னார் வழியில் பிணங்கள் கிடந்த 1840களில், உப்பின் உண்மையை உலகுக்குச் சொன்னவர் அதே பேரரசின் ஊதியத்தில் இந்தியாவிலேயே இருந்தார். அப்பேரரசு சென்னை மாகாணத்திலும் இலங்கையிலும் உப்பைத் தன் ஏகபோகமாக வைத்து, விலையேற்றி விற்றுக்கொண்டிருந்தது.

மருத்துவ நூல் அறியாத ஒரு மருந்து நடந்தவர்களின் சட்டியிலேயே இருந்தது. உப்பிட்ட கஞ்சி, பழைய சோற்று நீராகாரம். சோற்றின் மாவுப்பொருள் குடலில் குளுக்கோசாக உடைகிறது. குளுக்கோசும் சோடியமும் கைகோத்துக் குடற்சுவரைக் கடக்கும்போது நீரையும் உடன் இழுத்துச் செல்கின்றன. இந்த இயக்கத்தை ரொபர்ட் கிரேன் 1960இல் விளக்கினார். 1971இல் வங்காளதேச அகதிகள் எல்லை கடந்து பன்காவ் முகாமில் குவிந்தபோது, நாளத்தில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோய், திலீப் மகலனோபிஸ் குளுக்கோசும் உப்பும் சோடா உப்பும் கலந்த நீரை வாய்வழி கொடுத்தார். ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு 3.6 ஆகக் குறைந்தது. அரிசிக் கஞ்சியை அடிப்படையாகக் கொண்ட கரைசலும் கொலராவுக்கு நன்கு பயன்படும் என்பது பின்னர் நிறுவப்பட்டது. ஆகவே வழிப்போக்கரிடம் இல்லாதிருந்தது அறிவன்று. சட்டியில் இட அரிசியும் உப்பும், காய்ச்ச நல்ல நீரும், தங்க ஒரு நிழலும் போதிய அளவு இல்லை. கிணறுகளும் அம்பலங்களும் மருந்துச்சாலைகளும் அவ்வழியில் தாமதமாகவே வந்தன. தலைமன்னார் வரை ரயில் வந்தது 1914இல். கோப்பி அழிந்து தேயிலை மலையை மூடி வெகுகாலம் ஆகியிருந்தது.

மேலைநாடுகளிலும் உப்பின் தேவையைப் பெரிதும் உணர்த்தியவர்கள் உழைப்பாளிகளே. 1920களில் பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கத்தாரின் தசைப்பிடிப்பு ஆராயப்பட்டது. 1932இல் ஹார்வர்ட் ஆய்வாளர் ஹூவர் அணைக்கட்டுத் தொழிலாளரிடையே சென்று, வெப்பத்தில் நீர் மட்டும் போதாது, உப்பும் வேண்டும் என்று கண்டனர். விளையாட்டு வீரர்க்கென விற்கப்படும் பானம் 1965இல் புளோரிடாவில் பிறந்தது. அதன்பின் தாகமில்லாமலே குடிக்கும் பழக்கம் பரவியது. அது எதிர்த்திசையில் கேடாயிற்று: 2002 பொஸ்டன் மரதனில் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினரின் இரத்தத்தில் சோடியம் தாழ்ந்திருந்தது, அளவு மீறிக் குடித்ததே முதன்மைக் காரணம். விளையாட்டுப் பானத்தில் உப்பு வியர்வையினும் குறைவு என்பதால், அதை மிகுதியாகக் குடித்தாலும் இந்த ஆபத்து உண்டு. கதிர்காமப் பாதயாத்திரை செல்வோர் இதை மனத்தில் கொள்ளலாம். தாகத்துக்குக் குடித்து, இடையிடையே உப்புள்ள உணவை உண்பதே நல்லது. ஒரு மணி நேர நடைக்கு வெறும் நீரே போதும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைத் தாமாகக் கூட்டிக்கொள்ளாமல் வைத்தியரைக் கேட்பது முறை.

இன்றைய வலப்பனையில் ராகலைப் பக்கம் குளிர். நில்தண்டாஹின்னவைத் தாண்டி ரன்தெனிகலவை நோக்கி இறங்கினால் வெக்கை. வறண்ட காற்று வீசும் மாதங்களில் சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் குளிர்ந்த மலையிலும் வியர்க்கும். அவளுடைய உணவு ரொட்டியும் சம்பலும் இனிப்புத் தேத்தண்ணியும். உப்பு, சர்க்கரை, நீர் மூன்றும் அதில் உண்டு. குறை சொல்ல இடமில்லை. வயிற்றோட்டம் கண்டால் ஜீவனிப் பொட்டலம் கடையிலேயே கிடைக்கிறது.

ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் அப்பகுதித் தோட்டமொன்றில் தொழிலாளர் சிலரோடு உரையாடியபோது, பத்து மணித் தேத்தண்ணியைப் பல பெண்கள் பாதியில் நிறுத்தியதைக் கண்டேன். காரணம் கேட்டேன். கீழே லயத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “மலையில கக்கூசு எங்கங்க ஐயா இருக்கு?” என்றார் ஓர் அம்மா. மதியம் துண்டு நிறுத்தும் வரை அவர் வேறெதுவும் குடிக்கவில்லை.