உரும்பிராயின் விடுகைப் பத்திரங்கள்

யாழ்ப்பாணத்து உரும்பிராயிலிருந்து யார், எந்த ஆண்டில் வெளியேறினார்கள் என்று அறிய விரும்புகிறவர் ஊர்ப் பாடசாலை ஒன்றின் கந்தோர் அலுமாரியைத் திறந்தால் போதும். சேர்விடாப்பு அங்கே இருக்கும். பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி, சேர்ந்த வகுப்பு, விலகிய திகதி, விலகிய காரணம். நான் படிப்பித்த காலத்தில் அந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்பும் வேலை கனகாலம் என்னிடம் இருந்தது. 1970களில் அதில் ‘வேறு பாடசாலை’ என்று எழுதினேன். பெரிய வகுப்புப் பையன் என்றால் ‘கமம்’. 1984க்குப் பிறகு ‘வெளிநாடு’ என்ற ஒரே சொல்தான். எந்த நாடு என்று எழுத அங்கே இடமில்லை. பல நேரம் பிள்ளையைக் கூட்டிப் போக வந்த தாய்க்கே அது தெரியாது.

எங்கள் ஆட்கள் கடல் கடந்தது அதுதான் முதல் தடவை அல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மலாயாவில் றெயில் பாதை போட்டபோது, மிசன் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் லிகிதர்களாகவும் ஸ்டேசன் மாஸ்டர்களாகவும் அங்கே போனார்கள். காசுக்கட்டளை வந்தது, கல்வீடுகள் எழுந்தன, ‘மலாயன் பென்சனியர்’ என்று ஒரு சாதி மனிதர் எங்கள் ஒழுங்கைகளில் குடையோடு நடந்தார்கள். இதெல்லாம் பலரும் எழுதியதுதான். அவர்கள் பிள்ளைகளை என்ன செய்தார்கள் என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டு வருகிறேன். பையன் படிக்கிற வயதுக்கு வந்ததும் பல குடும்பங்கள் அவனைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பின. அவன் அம்மம்மா வீட்டில் நின்று இங்கே படித்தான். தகப்பனின் காசு பாடசாலைக்கு மண்டபம் ஆனது. மலாயாப் புறப்பாடு எங்கள் வகுப்பறைகளை நிரப்பியது. 1980களின் பிரான்ஸ் புறப்பாடு அவற்றை வெறுமையாக்கியது. இரண்டுக்கும் நடுவே நூறு வருடம்கூட இல்லை.

பிரான்சுக்கும் எங்களுக்கும் இடையில் பாதை திறந்தவர்கள் நாங்களல்ல, அவர்கள்தான். 1840களின் இறுதியில், மார்செய் நகரத்து ஆயர் மசெனோ நிறுவிய அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய 1848ஐ ஒட்டிய காலம் அது. அக்குருமாரில் பொஞ்ஞான் என்பவர் பிரான்சின் நடுவே, மலையும் மாடும் மேய்ச்சல் நிலமுமான ஓவேர்ன் பகுதியில் 1823 இல் பிறந்தவர். நாவலருக்கு ஒரு வயது இளையவர். முதலில் கோயம்புத்தூர்ப் பக்கம் பணி செய்துவிட்டு 1850களில் யாழ்ப்பாணம் வந்து, 1868 இல் யாழ்ப்பாண ஆயரானார். ஒவ்வொரு சமயத்தாருக்கும் அரசாங்க உதவியோடு சொந்தப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று விடாமல் வாதாடியவர். மதமாற்றம் என்ற விடயத்தில் ஒரு சைவப் பெண்ணாக எனக்கு அவரோடு பெரிய பிணக்கு உண்டு. ஆனாலும் பள்ளிக்கூடத்தைப் பற்றி அவரும் நாவலரும் நினைத்தது ஒன்றுதான்: பிள்ளை எந்த மொழியில், எந்தச் சமயத்துக்குள் படிக்கிறதோ அங்கேதான் அது வளரும். 1950 வரைக்கும் யாழ்ப்பாணத்து ஆயராக ஒரு பிரெஞ்சுக்காரரே, கியோமார் ஆண்டகையே, இருந்தார். அவர்களெல்லாம் எங்கள் பாஷையைப் படித்துத்தான் இங்கே நின்றார்கள்.

உரும்பிராய் செம்மண் பூமி. கிணற்றை நம்பிய கமம். புகையிலை, வெங்காயம், மிளகாய், பீற்றூட். 1970 இல் வந்த அரசாங்கம் மிளகாயையும் வெங்காயத்தையும் வெளியிலிருந்து இறக்குவதைத் தடுத்தபோது எங்கள் தோட்டக்காரர் கையில் முதன்முறையாகக் காசு தங்கியது. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்ததும் விலை விழுந்தது. அதே 70களில்தான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. கமத்தில் வந்த காசைப் படிப்பில் போட்ட தகப்பன், பிள்ளைக்குப் புள்ளி இருந்தும் இடமில்லை என்று கேட்டபோது எப்படி நின்றான் என்று நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் பொடியன், போராட்டத்தில் இறங்கிய பொன். சிவகுமாரன் 1974 யூன் 5 இல் சயனைட் உட்கொண்டு இறந்தபோது அவனுக்கு 24 வயதுகூட ஆகவில்லை. உரும்பிராய்ச் சந்தியில் அவனுக்குச் சிலை இருக்கிறது. மாணவனாக இருந்தவனுக்கு அந்தச் சந்தியில் சிலை நிற்கிறது என்பதை நான் எப்போதும் பள்ளிக்கூடத்தோடு சேர்த்தே நினைக்கிறேன்.

1983 யூலைக் கலவரத்துக்குப் பிறகு இளைஞர்கள் போனார்கள். என் தங்கச்சியின் கணவரும் அடுத்த வருடம் போனார். ஏரோபுளொட் விமானத்தில் மொஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பேர்லின், பிறகு நகர றெயிலில் ஏறி மேற்கு பேர்லின். பேர்லின் மதிலை ஓர் எல்லையென்று மேற்கு ஏற்றுக்கொள்ளாதபடியால் அந்தப் பக்கம் இறங்குகிறவர்களைச் சோதிக்க ஆளில்லை. 1985 இல் கிழக்கு ஜேர்மனி எங்களுக்கு விசா கேட்கத் தொடங்கும்வரை ஆயிரக்கணக்கானோர் அந்த வழியால் போனார்கள். அங்கிருந்து பலர் பாரிசுக்கு. அங்கே 1952 இல் நிறுவப்பட்ட ‘ஒஃப்ரா’ என்ற அகதிகள் செயலகத்தில் கதையைச் சொல்ல வேண்டும். மறுத்தால் ‘றெக்கூர்’ என்ற மேன்முறையீடு. ஏற்றுக்கொண்டால் 1984 இல் சட்டமான 10 வருட ‘காட்’. இந்த மூன்று சொற்களும் பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாத எங்கள் ஊர்க் கிழவிகளின் வாயிலும் புழங்கின.

பெரும்பாலானோர் பாரிசிலும் அதைச் சுற்றிய நகரங்களிலும் தங்கினார்கள். தங்கச்சியின் கணவர் அப்படித் தங்கவில்லை. 1973 இல் சிலி நாட்டிலிருந்து ஓடிவந்தவர்களுக்காகப் பிரான்ஸ் ஓர் ஏற்பாடு தொடங்கியிருந்தது. அகதிகளை நாடெங்கும் உள்ள தங்குமிடங்களுக்குப் பிரித்து அனுப்புவது. பின்னர் வியட்நாம், கம்போடியா மக்களும் அப்படியே போனார்கள். அந்த வழியில் அவர் போய்ச் சேர்ந்தது ஓவேர்ன். ஒரு சிறு ஊரின் சாப்பாட்டுக் கடைக் குசினியில் கோப்பை கழுவினார். பிறகு சமைத்தார். காட் கிடைத்தது. மனைவி மக்களை அழைக்கலாம் என்றது சட்டம்.

ஆனால் இங்கே 1990 யூனில் மறுபடி யுத்தம் மூண்டு, தரைப்பாதை மூடிப்போனது. கொழும்புக்குப் போகப் புலிகளின் பாஸ் வேண்டும். பாஸ் வேண்டுமென்றால் ஊரில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் நான் பிணை நின்றேன். பிறகு இரவில் கிளாலிக் கடலில் வள்ளம். கடற்படை சுடும் கடல் அது. 1993 சனவரியில் அங்கே மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்கு முந்திய வருடமே தங்கச்சியும் பிள்ளைகளும் கடந்துவிட்டார்கள். புறப்படுமுன் தங்கச்சி என்னிடம் கேட்டது நகையையோ காணி உறுதியையோ அல்ல.

“அக்கா, பிள்ளையளின்ரை விடுகைப் பத்திரத்தை இங்கிலிசிலையும் எழுதித் தாங்கோ. அங்கை என்ன வகுப்பிலை விடுவினமோ தெரியாது.”

எழுதிக் கொடுத்தேன். மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு எட்டு. புள்ளிகள், நடத்தை, வரவு எல்லாம் எழுதினேன். சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பாரிசில் அதைப் பிரெஞ்சாக்கி முத்திரை வைத்தார். அந்த ஊரின் ஆசிரியை அதை வாங்கி மரியாதையாகக் கோவையில் வைத்துவிட்டு, பிள்ளைகளின் வயதை மட்டும் பார்த்து வகுப்பில் இருத்தினாவாம். பிரான்சில் அதுதான் முறை.

பல வருடம் கழித்து நான் அந்த ஊருக்குப் போனேன். கறுத்த எரிமலைக் கல்லால் கட்டிய வீடுகள். ஒரே கட்டடத்தில் ஒரு பக்கம் மேயர் கந்தோர், மறுபக்கம் பள்ளிக்கூடம். ஜூல் ஃபெரி 1882 இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் படிப்பைக் கட்டாயமாக்கி, அரச பள்ளியைச் சமயத்திலிருந்து பிரித்த காலத்துக் கட்டடங்கள் அப்படித்தான் இருக்கும் என்று சொன்னார்கள். அங்கே தேவாரம் இல்லை, திருநீறு பூசி வரிசையில் நிற்பதும் இல்லை. புதன்கிழமை பள்ளிக்கூடமே இல்லை. சமயப் பாடத்தை வீட்டார் வெளியில் படிப்பிக்கட்டும் என்று விட்ட நாள் அது. 1972 வரைக்கும் அது வியாழனாக இருந்தது.

பிரான்சின் கிராமங்கள் பிள்ளைகள் குறைந்து வகுப்புகளை இழந்துகொண்டிருந்தன. எண்ணிக்கை குறைந்தால் ஒரு வகுப்பு மூடும். பள்ளி மூடினால் இளம் குடும்பங்கள் அந்த ஊருக்கு வரா. ஆகவே எங்கிருந்தோ வந்து இறங்கிய இரண்டு கறுத்தப் பிள்ளைகளை அந்த மேயர் வாசலில் நின்று வரவேற்றார் என்று தங்கச்சி சொல்லக் கேட்டு நான் வியக்கவில்லை. நிக்கோலா ஃபிலிபேர் 2002 இல் எடுத்த ‘எத்ர் ஏ அவ்வார்’ என்ற ஆவணப்படம் இதே ஓவேர்னில் ஒரே ஆசிரியர், ஒரே வகுப்பறை, நாலு வயதிலிருந்து பதினொரு வயது வரையான ஒரு கைப்பிடிப் பிள்ளைகள் கொண்ட பள்ளியைக் காட்டுகிறது. எங்கள் பக்கத்துச் சின்னப் பாடசாலையில் படிப்பித்த எவருக்கும் அந்த ஆசிரியரைத் தெரியும்.

பிள்ளைகளுக்குக் கடினமாக இருந்தது எது? குளிர் அல்ல. கோடு. பிரெஞ்சுக் கொப்பியில் நுண்ணிய கிடைக்கோடுகள் பல இருக்கும். எந்த எழுத்து எந்தக் கோடு வரை ஏற வேண்டும் என்று கணக்கு. மைப்பேனையால் கூட்டெழுத்து. என் பெறாமகன் உரும்பிராயில் முத்துப் போல எழுதியவன். அங்கே முதல் மாதங்களில் சிவப்பு மை மட்டுமே பார்த்தான். கேட்டெழுதுதலில் ஒவ்வொரு பிழைக்கும் புள்ளி கழியும். இருபதுக்கு எத்தனை என்று போட்ட கொப்பியில் பூச்சியம் வரும். தங்கச்சி தொலைபேசியில் அழுதாள். யாழ்ப்பாணத்தில் அப்போது தொலைபேசி வேலை செய்யாது. அந்த அழுகையை நான் கொழும்புக்குப் போன வேளை கேட்டேன்.

“ஒண்டும் விளங்காமல் வகுப்பிலை குந்தி இருக்கினம், அக்கா. கொண்டுபோய் விட்டிட்டு வெளியிலை நிண்டு பாக்கிறன்.”

அவர்களைத் தூக்கிவிட்டது மனப்பாடம். ஒவ்வொரு கிழமையும் ஒரு கவிதையைப் பாடமாக்கி ஒப்புவிக்க வேண்டும். அது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த வித்தை. பொருள் விளங்க முன்னமே வாய் பாஷையைப் பிடித்துக்கொண்டது. ஒரு வருடத்துக்குள் தகப்பனுக்கும் தாய்க்கும் மொழிபெயர்ப்பாளர் அந்த எட்டு வயதுப் பிள்ளைதான். வரிக் கடிதம், வைத்தியர், பள்ளியிலிருந்து வரும் குறிப்புக் கொப்பி எல்லாவற்றையும் அது வாசித்துச் சொல்ல, பெற்றோர் கையெழுத்து வைத்தார்கள். அந்தப் பாரத்தைச் சின்னத் தோள்கள் சுமந்ததை நினைக்க எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நோகிறது. ஜாக் ஒடியார் இயக்கி 2015 இல் கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்ற, எங்கள் ஷோபாசக்தி நடித்த ‘தீபன்’ படத்திலும் பெரியவர்களுக்கு முன்னே பிரெஞ்சைப் பிடிப்பது பள்ளிக்குப் போகும் அந்தச் சிறுமிதான்.

பெயரிலும் சிக்கல். தகப்பன் பெயரை முன்னால் வைக்கும் எங்கள் முறைக்கு அங்கே குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் இடமில்லை. ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர் இருந்தது: கணவருக்கு அவருடைய தகப்பன் பெயர், தங்கச்சிக்கு எங்கள் அப்பாவின் பெயர், பிள்ளைகளுக்கு அவர்களுடைய தகப்பன் பெயர். தான் பிறந்த நாட்டின் கந்தோரை நாட அகதிக்கு வழியில்லை என்பதால் பிறப்புச் சான்றிதழைக்கூட ஒஃப்ராவே எழுதிக் கொடுக்கிறது. உரும்பிராயில் பிறந்த பிள்ளையின் பிறப்பு பிரான்சில் பதிவாகி இருக்கிறது.

காட் எடுத்த எல்லோரும் பாரிசுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே லா சப்பலில் எங்கள் கடைகள், 1985 இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயம், 1996 முதல் வீதியில் தேர், பிள்ளைகளுக்குத் தமிழ்ச்சோலை வகுப்புகள். ஓவேர்னிலிருந்து அது 400 கிலோமீற்றருக்கு மேல். போவதா நிற்பதா என்று தங்கச்சி வீட்டில் பல வருடம் சண்டை. தமிழுக்காகப் போக வேண்டும் என்றார் கணவர். பிள்ளைகள் இன்னொரு முறை பள்ளி மாறக்கூடாது என்றாள் தங்கச்சி. மகன் உயர்தர வகுப்பு முடிக்கும்வரை நின்றார்கள். அவள் செய்தது சரியென்றே நான் நினைக்கிறேன். அந்தச் சரிக்கு விலை இருந்தது. புதன்கிழமைகளில் நான் ஆள்மூலம் அனுப்பிய அரசாங்கத் தமிழ்ப் புத்தகங்களை வைத்து அவள் படிப்பித்தாள். பெறாமகள் ஊருக்கு வந்தால் எங்கள் கருணாகரப் பிள்ளையார் கோவிலில் நின்று தேவாரம் அழகாகப் பாடுவாள், ஆனால் எனக்குக் கடிதம் எழுத அவளுக்கு வராது. அதை நான் இழப்பு என்றே சொல்வேன், வேறு பெயர் வைத்து ஆறுதல்பட மாட்டேன்.

இங்கே நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1987 ஐப்பசியில் இந்திய இராணுவம் பலாலி வீதியால் வந்தது. ஊரில் பலர் இறந்தார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தது. இடாப்புகள் அலுமாரியிலேயே இருந்தன. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது சில பாடசாலைகளில் அலுமாரி இருந்தது, இடாப்பு இல்லை. சிலவற்றில் மழையில் ஊறி ஒட்டிப்போன கட்டு இருந்தது. யாழ்ப்பாண நூலகத்தில் 1981 இல் எரிந்த 97,000 நூல்களுக்காக நாங்கள் இன்றைக்கும் அழுகிறோம். இந்த இடாப்புகளுக்காக அழ ஒருவரும் இல்லை. ஆனால் வேறு எந்தப் புத்தகத்திலும் இல்லாத பெயர்கள் அவற்றில்தான் உண்டு.

பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் தாங்கள் படித்த பாடசாலைக்குப் போகிறார்கள், கணினி வாங்கிக் கொடுக்கிறார்கள், மதில் கட்டிக் கொடுக்கிறார்கள். நல்லது. அடுத்த முறை வரும்போது அதிபரிடம் அனுமதி பெற்று, மிஞ்சியிருக்கும் சேர்விடாப்புகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடியுங்கள். எங்கள் நூல்களையும் பத்திரிகைகளையும் 2005 முதல் எண்ணிமமாக்கிப் பாதுகாத்து வரும் நூலக நிறுவனத்தாரோடு பேசுங்கள்; பிள்ளைகளின் சொந்த விபரங்களை எப்படி மறைத்துப் பாதுகாப்பது என்று அவர்களோடு சேர்ந்து முடிவெடுக்கலாம். உயிரோடு இருக்கிற பழைய ஆசிரியர்களை அருகில் இருத்தி, ‘வெளிநாடு’ என்று எழுதிய ஒவ்வொரு வரியிலும் எந்த நாடு, எந்த ஊர் என்று கேட்டு எழுதுங்கள். எனக்குக் கண் தெரிகிறது, ஞாபகமும் இருக்கிறது. நான் எழுதிய பக்கங்களுக்கு நான் வருகிறேன்.